குரோமோசோமை இழுப்பது யார்?

‘செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரு துருவங்களுக்கும் இழுக்கப்படுகின்றன என்று பாடத்தில் இருக்கிறது. யார் இழுக்கிறார்கள்?’ என்று பிளஸ் ஒன் மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்.

மோட்டார் புரதங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். குரோமோசோமைத் துருவத்தோடு இணைக்கும் கதிர்கோல் இழைகள் எல்லாம் நுண்குழல்கள். அவற்றின் மேல் நடக்கும் புரதம் கைனசின். ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து ஓரடி வைக்கும். அடிக்கு 8 நானோமீட்டர். 1985-ல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கணவாயின் நரம்புத் திசுவில் அதை அடையாளம் கண்டார்கள். எதிர்த்திசைக்கு டைனீன் இருக்கிறது.

ஆனால் குரோமோசோம்கள் பிரிந்து விலகும் கட்டமான அனாஃபேஸில் ஒரு குரோமோசோம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர்தான் நகர்கிறது. கைனசின் அந்தத் தூரத்தை ஒன்றிரண்டு நொடியில் நடந்துவிடும். அப்படியானால் இங்கே நடப்பது வெறும் நடையல்ல. கைனசின் குடும்பத்திலேயே நடக்காத கிளை ஒன்று உண்டு: கைனசின்-13. எனக்கு மிகப் பிடித்த புரதம் இது. நுண்குழலின் முனையைப் பிடித்துக்கொண்டு, அதை அதன் கட்டுமானப் புரதமான டியூபுலின் துணுக்குகளாக உதிர்த்துவிடும். பாதையையே கரைக்கும் மோட்டார்!

பழ ஈயின் கருவில் இதில் இரண்டு வகை வேலை செய்வதை கிரிகோரி ராஜர்ஸ் குழுவினர் 2004-ல் காட்டினார்கள். ஒன்று குரோமோசோம் பக்கத்து முனையைக் கரைக்கிறது. மற்றது துருவத்துப் பக்கத்து முனையை. பொங்கலுக்கு வாங்கிய ஒரே கரும்பை நானும் தம்பியும் ஆளுக்கொரு முனையிலிருந்து கடித்துக்கொண்டு வருவோம். கரும்பு குறையக் குறைய முகங்கள் நெருங்கிவிடும். குரோமோசோமும் துருவமும் நெருங்குவது அப்படித்தான். கரையும் குழலுக்கே இழுக்கும் வலு உண்டு. 1988-ல் கோஷ்லாண்ட், மிட்சிசன், கிர்ஷ்னர் மூவரும் ஏடிபி இல்லாமலேயே, குழல் கரையக் கரையக் குரோமோசோம் நகர்வதைச் செல்லுக்கு வெளியே காட்டினார்கள்.

இவ்வளவு நடக்கும் செல் பிரிதலைப் பாடத்தில் நான்கு கட்டங்களின் பெயர்களாகவும் நான்கு படங்களாகவும் சுருக்கிவிட்டோம். பெயரை வரிசை மாறாமல் எழுதினால் மதிப்பெண். யார் இழுப்பது என்று கேட்டால் ‘அது சிலபஸில் இல்லை’. பல பள்ளிகளில் நுண்ணோக்கி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு இது அநியாயம்.

ஆசிரியர்களே, ஒரு வெங்காயத்தைத் தண்ணீர் டம்ளரின் வாயில் உட்கார வையுங்கள். சில நாளில் வேர் விடும். நுனியைக் கிள்ளி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடாக்கி, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, கண்ணாடி வில்லைக்கடியில் நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் புரதம் தெரியாது. அது பிரித்துவைத்த குரோமோசோம்கள் தெரியும்.