மந்திரிகள் விடை சொல்லும் நேரம்

மக்கள் மன்றமும் மக்கள் உரிமையும் – 7

சென்ற வாரம், சர்க்கார் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் மக்கள் பிரதிநிதிகளின் சம்மதம் வேண்டும் என்ற நியதியையும், அந்தச் சம்மதம் மானியக் கோரிக்கைகளின் வாயிலாகப் பெறப்படும் முறையையும் பார்த்தோம். அந்த அதிகாரம் பெரியது. ஆயினும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு பருவத்திலேயே அது பிரயோகமாகிறது. சபை கூடுகின்ற ஒவ்வொரு நாளும், பெரும்பான்மை பலத்தின் துணையின்றியும் கட்சித் தலைமையின் கட்டளையை எதிர்பாராமலும், ஒரு தனி அங்கத்தினர் தம் இடத்தில் எழுந்து நின்று, கோடிக்கணக்கான ரூபாயை நிர்வகிக்கும் ஓர் இலாகாவின் மந்திரியைப் பதில் சொல்ல வைக்கக்கூடிய அதிகாரம் ஒன்று உண்டு. அதுவே கேள்வி கேட்கும் உரிமை. இந்த வாரம் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

இந்த உரிமை ஒரே நாளில் நமக்குக் கிடைத்ததன்று. இங்கிலாந்தில் 1721ஆம் ஆண்டு, தென்கடல் கம்பெனியின் பங்கு விலை சரிந்து ஆயிரக்கணக்கானோர் சொத்திழந்து தவித்த காலத்தில், அந்தக் கம்பெனியின் காசாளர் நாட்டைவிட்டு ஓடிப் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டார் என்ற செய்தி மெய்தானா என்று, பிரபுக்கள் சபையில் கௌபர் பிரபு மந்திரியைப் பார்த்துக் கேட்டதையே பார்லிமெண்டு வரலாற்றின் முதல் வினா என்று குறிப்பிடுகிறார்கள். இந்தியாவில் 1892ஆம் ஆண்டுக் கவுன்சில் சட்டத்தின் பிறகே இந்த உரிமையின் முதல் கீற்றுத் தென்பட்டது. அதன்படி 1893 பிப்ரவரி 16ஆம் தேதி கவுன்சிலில் பிங்கா ராஜா எழுப்பிய முதல் கேள்வி எதைப் பற்றியது என்பதை நாம் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். சுற்றுப்பயணம் வரும் உத்தியோகஸ்தர்களின் முகாம்களுக்குச் சாமான்கள் வழங்கும் முறையால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் துன்பத்தைப் பற்றியது அது. ராஜ்ய விவகாரங்களைப் பற்றியோ யுத்தத்தைப் பற்றியோ எழாமல், ஏழைக் கடைக்காரனின் அரிசி பருப்பைப் பற்றி நம் நாட்டின் முதல் வினா எழுந்தது என்பது, இந்த உரிமை யாருக்காக ஏற்பட்டது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

எனினும் அந்நாளில் கேள்வி கேட்டவர், அரசாங்கம் சொன்ன விடையைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதே. மேற்கொண்டு ஒரு சொல்லும் கேட்க அவருக்கு அனுமதி இல்லை. 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், முதலில் கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின்னரே எந்த அங்கத்தினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. அந்த வாய்ப்பை ஒரு கலையாகவே வளர்த்துக் காட்டியவர் நம் சத்தியமூர்த்தி. 1934ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று டில்லி மத்திய சட்டசபைக்குச் சென்ற அவர், அன்னிய அரசாங்கத்தின் அங்கத்தினர்கள் எழுதி வைத்துக்கொண்டு படித்த விடைகளில் எந்தச் சொல்லின் பின்னே உண்மை மறைந்திருக்கிறது என்பதைக் கணத்தில் உணர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் துணைக் கேள்விகளைத் தொடுத்து, மறைத்ததை வெளிக்கொணர்வதில் இணையற்றவர் என்று பெயர் பெற்றார். ஆட்சியை மாற்றும் பலம் அந்தச் சபைக்கு அப்போது இல்லை. ஆட்சியின் முகத்தை மக்கள் காணும்படி திரையை விலக்கும் பலம் மட்டுமே இருந்தது. அந்தப் பலத்தையே அவர் முழுமையாகப் பயன்படுத்தினார்.

ஒரு கேள்வி எப்படிப் பிறந்து எவ்வழியே செல்கிறது என்பதை இப்போது பார்ப்போம். லோக்சபையில் வினா எழுப்ப விரும்பும் அங்கத்தினர் பதினைந்து நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வினா 150 சொற்களுக்கு மிகலாகாது. அதில் வாதமோ, ஊகமோ, பிறர்மீது அவதூறோ இருத்தலாகாது. நேரில் வாய்மொழியாக விடை வேண்டும் வினாக்களுக்கு நட்சத்திரக் குறி இடப்படும்; எழுத்து மூலம் விடை போதும் என்றால் குறி இல்லை. லோக்சபையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் இருபதும், குறியில்லாதவை இருநூற்று முப்பதும் பட்டியலில் ஏறும். யார் பெயர் முதலில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். இலாகாக்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருப்பதால், எந்த மந்திரியும் தம் முறை வரும் நாளில் சபைக்கு முன் நின்றே ஆக வேண்டும்.

வினா ஏற்கப்பட்டு இலாகாவுக்குச் சென்ற கணத்தில் அங்கே நிகழ்வதுதான் இந்த முறையின் மறைமுகமான மேன்மை. பல மாதங்களாகத் திறக்கப்படாத கோப்பு திறக்கப்படுகிறது. பிரிவு அதிகாரி குறிப்பு எழுதுகிறார். மாவட்டத்துக்கோ மாகாணத்துக்கோ தகவல் கேட்டுத் தந்தி வேகத்தில் கடிதம் பறக்கிறது. செயலாளர் தாமே உட்கார்ந்து வரைவைத் திருத்துகிறார். அச்சிட்ட விடையோடு, இன்னின்ன துணைக் கேள்விகள் எழக்கூடும், அவற்றுக்கு இன்னின்ன பதில்கள் என்று ஒரு தனிக் குறிப்பும் மந்திரிக்காகத் தயாராகிறது. சபையில் விடைகள் சொல்லப்படும் கேள்வி நேரத்தில் அதிகாரிகள் தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மாடத்தில் அமர்ந்திருந்து, வேண்டும்போது சீட்டில் தகவல் எழுதி மந்திரிக்கு அனுப்புகிறார்கள். எங்கோ ஒரு கிராமத்தின் பாலம் கட்டப்படாமல் நிற்பதைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்வி, சபையில் விடை படிக்கப்படுவதற்கு முன்பே, அந்தப் பாலத்தைப் பற்றிய கோப்பை மேசையிலிருந்து மேசைக்கு நகர்த்திவிடுகிறது.

இந்த உரிமையின் முழு வல்லமையையும் சுதந்திர இந்தியா கண்டது 1957ஆம் ஆண்டில். ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழில் 1956ஆம் ஆண்டு தேசியமயமாக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி, ஐந்து கோடி ரூபாய் மூலதனத்துடன் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் தோன்றியது. குமாஸ்தாவும் ஆசிரியரும் சிறு வியாபாரியும் தங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணி மாதந்தோறும் செலுத்திய பிரீமியத் தொகையே அதன் பொக்கிஷம். அந்தப் பொக்கிஷத்திலிருந்து, 1957 ஜூன் மாதத்தில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியோடு சம்பந்தப்பட்ட ஆறு கம்பெனிகளின் பங்குகள் ஏறத்தாழ 1.26 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்டன. முதலீடுகளைப் பரிசீலிப்பதற்கென்றே கார்ப்பரேஷனில் ஒரு குழு இருந்தது. அந்தக் குழுவைக் கலந்து ஆலோசிக்காமலே இந்தப் பேரம் முடிந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் தேதி, பீகாரைச் சேர்ந்த டாக்டர் ராம் சுபக் சிங் லோக்சபையில் இந்த முதலீட்டைப் பற்றி வினா எழுப்பினார். கிடைத்த விடை பட்டும் படாமலும் இருந்தது. வழக்கமாக அந்த இடத்தில் விவகாரம் முடிந்திருக்கும். ஆனால் கேட்டவர்கள் விடவில்லை. நவம்பர் இறுதியில் மறுபடியும் வினாக்கள் எழுந்தன. மறுபடியும் கிடைத்தவை நிறைவற்ற விடைகளே. டிசம்பர் 16ஆம் தேதி ரேபரேலி அங்கத்தினர் பெரோஸ் காந்தி விவாதத்தில் எழுந்தபோது, தேதிகளும் விலைகளும் அவர் கையில் இருந்தன. எந்தப் பங்கு என்ன விலைக்கு வாங்கப்பட்டது, அந்நாட்களில் சந்தை நிலவரம் எப்படி இருந்தது, முதலீட்டுக் குழு ஏன் கலந்து ஆலோசிக்கப்படவில்லை என்று அவர் அடுக்கிக் கேட்ட கேள்விகளுக்குச் சொற்சாதுரியத்தால் விடை சொல்லிவிட முடியவில்லை.

சர்க்கார் விசாரணைக்கு உடன்பட்டது. பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி எம்.சி. சாக்ளா தனி நபர் கமிஷனாக நியமிக்கப்பட்டு, 1958 ஜனவரியில், பொதுமக்கள் பார்க்கவும் கேட்கவும் பகிரங்கமாக விசாரணை நடத்தி, சில வாரங்களுக்குள்ளாகவே தம் அறிக்கையை அளித்தார். அன்றைய நிதி மந்திரி நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அறிவிலும் ஆற்றலிலும் எவருக்கும் இளைக்காதவர். பேரம் தம் செயலாளர் செய்தது, தாம் அதற்கு ஒப்புதல் தரவில்லை என்பது அவர் நிலை. இலாகாவின் செயலாளர் செய்த காரியத்துக்கு அரசியல் சாசன முறைப்படி மந்திரியே பொறுப்பாளி என்றும், அந்தப் பொறுப்பைக் கீழே உள்ளவர்மீது தள்ள இயலாது என்றும் சாக்ளா முடிவு கூறினார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பின்னாளில் அவர் மீண்டும் மத்திய மந்திரி சபையில் இடம்பெற்றார் என்பது வேறு விஷயம். மந்திரியின் பொறுப்பு என்ற கோட்பாடு அன்று நம் நாட்டில் வேரூன்றியது.

இந்த வரலாற்றில் நாம் மறக்கலாகாத அம்சம் இரண்டு. கேள்வி கேட்ட ராம் சுபக் சிங்கும் பெரோஸ் காந்தியும் ஆளும் காங்கிரஸ் கட்சியையே சேர்ந்தவர்கள். பெரோஸ் காந்தியோ பிரதம மந்திரி நேருவின் மருமகன். கட்சிப் பற்றும் குடும்ப பந்தமும் மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமைக்குப் பின்னரே என்று அவர்கள் கருதினார்கள். இரண்டாவது, முதல் விடையால் எதுவும் வெளிப்படவில்லை. முதல் கேள்வி கதவைத் தட்டுவது மட்டுமே; தட்டியவர் திரும்பத் திரும்ப வந்து நின்றதாலேயே கதவு திறந்தது.

ஆகவேதான், நழுவும் விடைகளைப் பின்தொடர்ந்து பிடிக்கும் ஏற்பாடுகளும் நம் முறையில் உள்ளன. விடை போதவில்லை என்றால் அரைமணி நேர விவாதம் கோரலாம். அவசரமான விஷயமாயின் குறுகிய கால அறிவிப்பிலும் வினா எழுப்பலாம். விஷயம் பரிசீலனையில் இருக்கிறது, தகவல் சேகரிக்கப்பட்டுச் சபையின் மேசைமீது வைக்கப்படும் என்று மந்திரி சொல்லும் வாக்கியங்கள் காற்றில் கரைந்துவிடாதபடி, அவற்றை உறுதிமொழிகளாகவே பதிவு செய்து, மூன்று மாதத்துக்குள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென அரசு உறுதிமொழிக் குழு ஒன்று லோக்சபையில் 1953 முதல் இயங்கி வருகிறது. நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் அத்தகைய குழு உண்டு. சபையில் ஒரு மந்திரி சொன்ன சொல், அவர் பதவி மாறினாலும், அந்த இலாகாவின்மீது கடனாக நிற்கிறது.

ஆயினும், கருவி கூர்மையாக இருந்து பயன் என்ன, அதை ஏந்தும் கை தளர்ந்திருந்தால்? கூச்சலிலும் ஒத்திவைப்பிலும் கேள்வி நேரம் வீணாகும் நாட்கள் பல. பட்டியலில் உள்ள இருபது நட்சத்திரக் குறியிட்ட வினாக்களும் ஒரே நாளில் விடை பெற்ற நிகழ்ச்சி 1972க்குப் பிறகு 2019 நவம்பர் 27ஆம் தேதிதான் லோக்சபையில் மீண்டும் நிகழ்ந்தது. 2009 நவம்பர் 30ஆம் தேதியோ, வினாக் கொடுத்த அங்கத்தினர்கள் பலர் சபைக்கே வராமையால், கேள்வி நேரம் குறித்த நேரத்துக்கு முன்பே முடிந்தது. கேள்வி கேட்பதற்குப் பணம் பெற்ற குற்றத்துக்காக 2005 டிசம்பரில் பதினோரு அங்கத்தினர்கள் பார்லிமெண்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2020 செப்டம்பரில், கொள்ளை நோயைக் காரணம் காட்டி, அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நிறுத்தப்பட்டு எழுத்து மூல விடைகள் மட்டும் அளிக்கப்பட்டன. எழுத்து மூல விடைக்குத் துணைக் கேள்வி கிடையாது. துணைக் கேள்வி இல்லாத விடை, 1893இல் இருந்த நிலைக்கே நம்மைக் கொண்டு செல்கிறது. ஆபத்துக் காலத்தில்தான் சர்க்காரின் அதிகாரம் பெருகுகிறது. அதிகாரம் பெருகும் காலத்தில் கேள்வி குறையலாகாது என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

டில்லியிலும் சென்னையிலும் மட்டும் இந்த உரிமை முடிந்துவிடவில்லை. நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே கேட்பவர் பிரதிநிதியல்லர். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவருமே கேட்பவர். குளத்தைத் தூர் வாரிய செலவும், தெருவிளக்குக்கான மின் கட்டணமும், ஊரக வேலைத் திட்டத்தின் வருகைப் பதிவும் அங்கே கேட்கப்பட வேண்டிய விஷயங்கள். அங்கே கிடைக்காத விவரத்தை 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துக் கேட்கலாம்; முப்பது நாட்களுக்குள் விடை வர வேண்டும். சிறு சபையில் கேட்டுப் பழகாத சமூகம் பெரிய சபையில் கேட்பவரை அனுப்ப இயலாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்தலில் உங்கள் வாக்கை நாடி வருபவர், சென்ற ஐந்து ஆண்டுகளில் எத்தனை வினாக்கள் எழுப்பினார், எந்த இலாகாவை என்ன கேட்டார், கிடைத்த விடையோடு நின்றாரா, மேலும் தொடர்ந்தாரா என்று விசாரியுங்கள். பார்லிமெண்டில் கேட்ட வினாவும் சொன்ன விடையும் எவரும் பார்க்கும்படி பதிவாகி வெளியாகின்றன. உங்கள் தொகுதி அங்கத்தினரின் பெயரைத் தேடிப் படியுங்கள். உங்கள் ஊரின் குறையை இரண்டு வரியில், இடமும் தேதியும் குறிப்பிட்டு, அவருக்கு எழுதி, இதைச் சபையில் கேளுங்கள் என்று கோருங்கள். அவர் கேட்டால் நன்றி கூறுங்கள். கேட்காவிட்டால் ஏன் என்று அவரையே கேளுங்கள். மந்திரியைக் கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். அவரைக் கேட்கும் உரிமை என்றும் உங்களிடமே இருக்கிறது.

(தொடரும்)