ஒரு பனியன், மூன்று இயந்திரங்கள்

இந்தக் கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள பருத்திப் பனியன் ஒன்றை எடுத்து, உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பிக் கொள்ளுங்கள். தோள் இணைப்பையும், கழுத்துப் பட்டையையும், கீழ் மடிப்பையும், கழுத்தின் பின்னால் உள்ள அளவுச் சீட்டையும் உற்றுப் பாருங்கள். நான்கு இடங்களிலும் தையல் ஒரே மாதிரியாகவா இருக்கிறது? இல்லை! தோளில் பல நூல்கள் துணியின் ஓரத்தைச் சுற்றிப் பின்னியிருக்கும். கீழ் மடிப்பில் வெளியே இரண்டு இணைகோடுகளும் உள்ளே ஒரு வலையும் தெரியும். அளவுச் சீட்டிலோ ஒற்றை நேர்கோடு மட்டுமே. ஒரே இயந்திரத்தால் தைக்க முடியாதா? இத்தனை வகை எதற்காக?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால் ஓர் இளைஞர் பட்ட துன்பத்தை முதலில் சொல்கிறேன்.

அறுந்த கழுத்து

அவர் என்னிடம் இயற்பியல் படித்த பழைய மாணவர். சட்டைத் தையலில் நல்ல அனுபவம் பெற்றவர். கடன் வாங்கித் திருப்பூரில் ஒரு சிறு அறையில் 'சாம்பிள்' தைத்துத் தரும் தொழிலைத் தொடங்கினார். ஏற்றுமதிக்கு ஆயிரக்கணக்கில் ஆடை தைப்பதற்கு முன், வாங்குபவருக்கு ஒன்றிரண்டு மாதிரி ஆடைகளைத் தைத்து அனுப்புவார்கள். அளவு, தையல், துணி எல்லாவற்றையும் அதைக் கொண்டே முடிவு செய்வார்கள். மாதிரி தேறினால் வேலை கிடைக்கும், தேறாவிட்டால் கிடைக்காது.

கையிலிருந்த பணம் முழுவதையும் போட்டு நிமிடத்திற்கு 5000 தையல் போடும் புத்தம் புதிய இயந்திரம் ஒன்றை அவர் வாங்கினார். அதில் ஒரு குழந்தைப் பனியன் தைத்தார். பார்வைக்கு அழகாக இருந்தது. வாங்குபவரின் பிரதிநிதி அதைக் கையில் எடுத்துக் கழுத்தை இருபுறமும் இழுத்தார். 'படக்' என்று நூல் அறுந்தது. மாதிரி மேசை மேலேயே திரும்பி வந்தது.

"நூலும் நல்ல நூல்தான் சார், மெஷினும் புதுசு. பிறகு ஏன் அறுந்தது?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

"வா தம்பி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்" என்றேன். அந்தக் கணக்கை நீங்களும் போடலாம்.

தையல் எப்படி உண்டாகிறது?

கையால் தைக்கும்போது ஊசி துணியை முழுவதும் கடந்து செல்கிறது. இயந்திரத்தில் அப்படியில்லை. காது ஊசியின் நுனிக்கருகில் இருக்கிறது. ஊசி துணிக்குள் இறங்கி, அடியை எட்டி, மீண்டும் சுமார் 2 மி.மீ. உயர்கிறது. அப்போது ஊசியோடு மேலே வர முயலும் நூலை, துணியின் உராய்வு பிடித்துக்கொள்கிறது. பின்னடைந்த நூல் ஒரு சிறு வளையமாகப் புடைக்கிறது. எல்லாத் தையல் இயந்திரங்களுக்கும் அடிப்படை இந்தச் சிறு வளையம்தான். உராய்வு இல்லையெனில் தையலே இல்லை!

வளையத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் இயந்திரங்கள் வேறுபடுகின்றன. பிரான்சு நாட்டின் பார்த்தலமி திமோனியே 1830-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம், ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையத்தை நுழைத்துச் சங்கிலித் தையல் போட்டது. தம் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் அவருடைய பட்டறையை அடித்து நொறுக்கினார்கள். அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், வளையத்துக்குள் இரண்டாவது நூல் ஒன்று புகுந்து வெளியேறியது. இரு நூல்களும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. இதுவே 'லாக்ஸ்டிட்ச்' எனப்படும் பூட்டுத் தையல். நம் வீடுகளில் உள்ள கால் மிதி இயந்திரம் இந்த வகைதான். அனைத்துலகத் தர வரிசையில் இதன் எண் 301. திருப்பூரில் ஆள் தேவை விளம்பரங்களில் 'சிங்கர் டெய்லர்' என்று எழுதுகிறார்களே, அது பெரும்பாலும் இந்தத் தையலைப் போடுபவரையே குறிக்கும்.

நூல் கணக்கு

நமது இளைஞர் போட்டது பூட்டுத் தையல். ஒரு தையலின் நீளம் 2.5 மி.மீ. என்றும், அழுத்தப்பட்ட துணியின் தடிமன் 0.6 மி.மீ. என்றும் கொள்வோம். மேல் நூல் துணியின் மீது 2.5 மி.மீ. ஓடுகிறது. பின் துணியின் நடுப்பகுதி வரை 0.3 மி.மீ. இறங்கி, மீண்டும் 0.3 மி.மீ. ஏறுகிறது. ஆக ஒரு தையலுக்கு 3.1 மி.மீ. நூல். கீழ் நூலுக்கும் அவ்வளவே. 3.1-ஐ 2.5-ஆல் வகுத்தால் 1.24 கிடைக்கிறது. அதாவது, நூல் முழுவதும் நேராக நீண்டாலும், தையல் 24 விழுக்காடு மட்டுமே நீளும்.

குழந்தைப் பனியனின் கழுத்துச் சுற்றளவு 38 செ.மீ. என்போம். 38-ஐ 1.24-ஆல் பெருக்கினால் சுமார் 47 செ.மீ. ஆனால் அதற்குள் நுழைய வேண்டிய தலையின் சுற்றளவு 52 செ.மீ.! நூலின் மீள்தன்மை சிறிது உதவும் என்பது உண்மைதான். ஆனால் இரு நூல்களும் ஒன்றையொன்று கவ்வியிருப்பதால் உள்ளே இருக்கும் நூல் முழுவதும் விடுபடாது. பின்னல் துணி ரப்பரைப் போல நீளத் தயாராக இருக்கிறது, தையல் தடுக்கிறது. அப்படியானால் அறுபடுவது எது? நூல்தான்.

இப்போது தோள் இணைப்பைப் பாருங்கள். இது 'ஓவர்லாக்' தையல். ஓர் ஊசி நூலும் இரண்டு வளைய நூல்களும் துணியின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பின்னுகின்றன. இயந்திரத்தில் உள்ள கத்தி ஓரத்தைச் சீராக வெட்டிக்கொண்டே போகிறது. பூட்டுத் தையலில் ஒரு மீட்டருக்குச் சுமார் 2.5 மீட்டர் நூல் செலவாகும். மூன்று நூல் ஓவர்லாக்கில் சுமார் 14 மீட்டர் செலவாகும்! இது வீண் செலவு அன்று. சுருள்வில்லில் கம்பி எப்படிச் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறதோ, அப்படி இந்தத் தையலில் நூல் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது.

கீழ் மடிப்பில் இருப்பது தொழிலாளர் வாயில் 'பேட்லாக்' என்று வழங்கும் பிளாட்லாக் தையல். இரண்டு ஊசிகளும் அடியில் ஒரு வளைய நூலும் சேர்ந்து, வெட்டிய ஓரத்தை மூடிப் படிய வைக்கின்றன. இதுவும் நீளும் தையலே.

அப்படியானால் பூட்டுத் தையல் மட்டமானதா? இல்லவே இல்லை. நீளாத நெய்த துணிச் சட்டைக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. இருபுறமும் ஒரே தோற்றம் தரும், எளிதில் பிரியாது. பனியனிலும் அளவுச் சீட்டு, பொத்தான் பட்டை, பை ஆகியவற்றுக்கு அதுவே வேண்டும். இடம் அறிந்து போட வேண்டும், அவ்வளவுதான்.

துணி நகரும் விதம்

பற்கள் கொண்ட ஒரு தகடு கீழிருந்து எழுந்து, துணியைப் பின்னால் தள்ளி, இறங்கி, முன்னால் திரும்புகிறது. இந்த நான்கு அசைவு முறையை அமைத்தவர் ஆலன் வில்சன் என்ற அமெரிக்கர். 1850-களில் அவர் செய்த ஏற்பாடு இன்றும் அப்படியே இருக்கிறது.

இதிலும் உராய்வு விளையாடுகிறது. அடித் துணியைப் பற்கள் இழுத்துச் செல்கின்றன. மேல் துணியையோ அழுத்து பாதம் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. விளைவு? மேல் துணி பின்தங்கி, கீழ்த் துணி முன்னேறி, தையல் சுருக்கு விழும். பின்னல் துணியானால் ஓரம் அலை அலையாக நீண்டுவிடும்.

இதற்காக நல்ல ஓவர்லாக் இயந்திரத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு பல் தகடுகள் இருக்கும். முன் தகடு அதிகத் துணியைக் கொடுத்துப் பின் தகடு குறைவாக எடுத்தால், துணி நீளாமல் காக்கலாம். விகிதத்தை மாற்றினால் வேண்டுமென்றே நீட்டவும் சுருக்கவும் செய்யலாம். பின்னல் துணி மாதிரி தைப்பவர் ஓவர்லாக் வாங்கும்போது, இந்த விகிதத்தைத் திருகி மாற்றும் வசதி உண்டா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வேகம் எவ்வளவு வேண்டும்?

நிமிடத்திற்கு 5000 தையல் என்றால் ஒரு தையலுக்கு 12 மில்லி செகண்டு. வேகத்தின் விலை என்ன என்று பார்ப்போமா? ஊசித் தண்டு மேலும் கீழும் சுமார் 30 மி.மீ. செல்கிறது. இதைச் சீரிசை இயக்கமாகக் கொண்டால் வீச்சு 15 மி.மீ., அதாவது 0.015 மீட்டர். கோண வேகம் செகண்டுக்குச் சுமார் 524 ரேடியன். வீச்சைக் கோண வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், பெரும முடுக்கம் செகண்டு வர்க்கத்துக்குச் சுமார் 4100 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 400 மடங்குக்கு மேல்! ஊசித் தண்டின் நிறை 40 கிராம் என்று வைத்துக்கொண்டால்கூட, ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் மீது 160 நியூட்டனுக்கு மேற்பட்ட விசை செயல்படுகிறது. தொழிற்சாலை இயந்திரத்தின் உடல் கனமான வார்ப்பிரும்பால் ஆகியிருப்பதும், எண்ணெய் ஓயாமல் பாய்வதும் இதனால்தான்.

வேகத்தை 1000 தையலாகக் குறைத்தால் விசை ஐந்தில் ஒரு பங்காகாது. இருபத்தைந்தில் ஒரு பங்காகும். வர்க்க விதி அல்லவா?

வேகம் ஊசியையும் சுடாக்கும். ஊசியின் வெப்பநிலை 200 பாகை செல்சியஸைத் தாண்டுவதுண்டு. பாலியெஸ்டர் சுமார் 260 பாகையில் உருகும். அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும். மெல்லிய பனியன் துணிக்கு 9 அல்லது 11 ஆம் எண் ஊசி போதும். 11 ஆம் எண் என்பது 0.75 மி.மீ. விட்டம். அதன் நுனியும் கூராக இல்லாமல் உருண்டையாக இருக்க வேண்டும். கூர் நுனி பின்னலின் இழையை வெட்டிவிடும். உருண்டை நுனி இழையை ஒதுக்கிக்கொண்டு இறங்கும்.

மாதிரி தைப்பவர் நாளெல்லாம் ஒரே கோட்டைத் தைப்பதில்லை. ஒரு கை, ஒரு கழுத்து, ஒரு பை என்று நின்று நின்று தைக்கிறார். அவருக்கு வேகத்தைவிடக் கட்டுப்பாடு முக்கியம். பழைய கிளட்ச் மோட்டார் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். மிதியை அழுத்தும்போது கிளட்ச் பற்றி இயந்திரத்தைச் சுழற்றும். மெதுவாகத் தைக்க வேண்டுமானால் கிளட்சைப் பாதி வழுக்க விட வேண்டும்; அது கைதேர்ந்தவர் வேலை. சர்வோ மோட்டார் மிதியை அழுத்தும்போது மட்டுமே சுழலும். வேகத்தை வேண்டிய அளவில் நிறுத்தலாம். ஊசி கீழேயே நிற்குமாறும் அமைக்கலாம். மூலையில் துணியைத் திருப்ப இது பெரிய வசதி. மின்சாரமும் மிச்சம்.

மாதிரி ஒரு வாக்குறுதி

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மெதுவாக, பொறுமையாகத் தைத்த மாதிரி மிக அழகாக அமையும். ஆனால் அதே ஆடையைத் தொழிற்சாலையில் நாலாயிரம் தையல் வேகத்தில் தைக்கும்போது ஊசி சுட்டால்? துணி அலைந்தால்? ஆய்வகத்தில் ஒருமுறை கிடைத்த விடையை நாம் ஏற்பதில்லை; மறுமுறையும் அதே விடை வர வேண்டும் என்கிறோம். மாதிரி ஆடையும் அப்படியே. தொழிற்சாலையில் எந்தத் தையலோ அதே தையல், எந்த ஊசியோ அதே ஊசி மாதிரிக்கும் வேண்டும். ஒரு துண்டுத் துணியையாவது முழு வேகத்தில் தைத்துப் பார்க்க வேண்டும்.

நமது இளைஞர் என்ன செய்தார்? இருந்த இயந்திரத்தின் கிளட்ச் மோட்டாரை மாற்றிச் சர்வோ மோட்டார் பொருத்தினார். புதிய ஓவர்லாக் வாங்கப் பணமில்லை. நல்ல நிலையில் இருந்த பழையது ஒன்றைத் தேடினார். ஊசித் தண்டை விரலால் ஆட்டி, தளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். சம நீளமுள்ள இரு துணிப் பட்டைகளை இழுக்காமல் தைத்து, முனைகள் ஒன்றாக முடிகின்றனவா என்று அளந்தார். நான்காவதாகப் பார்த்த இயந்திரம் தேறியது. மடிப்புத் தையலுக்கு மட்டும் அடுத்த தெருப் 'பவர் டேபிளில்' கூலி கொடுத்து பிளாட்லாக் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒன்றுக்குப் பதில் மூன்று பனியன் தைத்தார். ஒன்றைத் துவைத்துக் காய வைத்து அளந்தார். ஒன்றின் கழுத்தைத் தாமே அறுபடும்வரை இழுத்தார். துணிதான் முதலில் கிழிந்தது, தையல் நின்றது. மூன்றாவதை அனுப்பினார். கை நீளத்தில் ஒரே ஒரு திருத்தத்துடன் ஒப்புதல் வந்தது.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டிலோ தெரிந்த தையற்கடையிலோ பெரியவர் உதவியுடன் இதைச் செய்யலாம். மேல் நூல் சிவப்பு, கீழ் நூல் நீலம் என்று போட்டு வெள்ளைத் துணியில் தையுங்கள். அடியில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மேல் நூலின் இழுவிசை குறைவு. மேலே நீலப் புள்ளிகள் தெரிந்தால் அது அதிகம். பிறகு, பழைய பனியன் துணியில் 20 செ.மீ. தைத்து, அளவுகோலின் மீது மெல்ல இழுங்கள். எத்தனை செ.மீ.-இல் நூல் அறுகிறது? தையல் நீளத்தைக் குறைத்து மீண்டும் செய்யுங்கள். விடை மாறுகிறதா? ஏன் என்பதை மேலே போட்ட கணக்கே உங்களுக்குச் சொல்லும்.