சாலைக்கு எத்தனை வாயில்கள்?

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலை, மாநில எல்லையிலுள்ள சின்னாற்றைக் கடந்து மலையேறி மறையூரை அடைகிறது. ஊரை ஒட்டிய சந்தனக் காட்டில், மரங்களைத் திருட்டினின்று காக்கும் பொருட்டுச் சாலையோரமாகக் கம்பி வேலி அமைக்கப்பட்டுள்ளது. வேலியிட்ட பகுதியில் பக்கவாட்டிலிருந்து ஊர்தி எதுவும் திடீரெனச் சாலைக்குள் புக இயலாது. வேலி முடிந்து கடைவீதி தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. காந்தளூர்ச் சாலை இங்கேதான் பிரிகிறது. ஒவ்வொரு கடை முகப்பும் ஊர்தி ஏறி இறங்கும் ஒரு வாயிலாகிறது. சுற்றுலா ஊர்திகள், வெல்லம் ஏற்றும் லாரிகள், ஜீப்புகள் ஆகியவற்றுக்கிடையேதான் பள்ளிப் பிள்ளைகளும் நடந்தாக வேண்டும். காட்டில் மரத்திற்குக் கிடைத்த பாதுகாப்பு கடைவீதியில் மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்பது சற்று விந்தையே.

இந்நிலை மறையூருக்கு மட்டும் உரியதன்று. நெடுஞ்சாலையே கடைத்தெருவாகவும் விளங்கும் ஊர்கள் நம் நாட்டில் எண்ணற்றவை. ஊர்களை விரைவாகக் கடக்க உதவுவது ஒரு பணி. வீட்டையும் கடையையும் சென்றடைய உதவுவது மற்றொரு பணி. ஒரே சாலை இவ்விரண்டையும் தடையின்றி ஆற்றுவது அரிது என்பதை, பிரிட்டனில் 1963-இல் வெளிவந்த புக்கானன் அறிக்கை விரிவாக எடுத்துரைத்தது.

சாலைக்குள் நுழையும் வழிகளின் எண்ணிக்கை, இடம், அகலம் ஆகியவற்றை முறைப்படுத்துவதே நுழைவு மேலாண்மை எனப்படும். இருவழிச் சாலைகள் இரண்டு குறுக்கிடும் நாற்சந்தியில், ஊர்திகள் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32 எனப் பொறியாளர்கள் கணக்கிடுகின்றனர். முச்சந்தியில் இவை 9. வலப்புறம் திரும்புவதை அறவே தடுத்துவிட்டால் எஞ்சுவன இரண்டே.

பாதசாரிக்கு நேரும் இடர் இக்கணக்கில் அடங்குவதில்லை. கடை வளாகத்திலிருந்து வெளிவந்து இடப்புறம் திரும்பும் ஓட்டுநர், வலப்புறமிருந்து வரும் ஊர்திகளையே நோக்குகிறார். இடப்புறமிருந்து நடந்து வருபவர் அவர் கண்ணில் படுவதில்லை. சைக்கிளில் செல்பவர்க்கு நேரும் இடர் வேறு வகையானது. அவரை முந்திச் சென்ற லாரி, அடுத்த வாயிலிலேயே இடப்புறம் திரும்பி அவரது வழியை அடைத்துவிடுகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தோடு ஒப்பிட, 50 கி.மீ. வேகத்தில் மோதும் ஊர்தியின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள்.

இதற்கான பரிகாரங்களுள் பல பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. அடுத்தடுத்துள்ள நான்கு கடைகளின் வாயில்களை ஒன்றாக இணைக்கலாம். வாயிலின் அகலத்தைக் குறைத்து, திருப்பத்தின் வளைவையும் சிறிதாக்கினால் ஊர்தி தானாகவே மெதுவாகத் திரும்பும். மிக முக்கியமானது நடைபாதையின் மட்டம். இன்று ஒவ்வொரு வாயிலிலும் நடைபாதையை வெட்டித் தாழ்த்தி ஊர்திக்கு வழிவிடுகின்றனர். பத்தடிக்கு ஒருமுறை இறங்கி ஏற வேண்டிய முதியவர் நடைபாதையை விட்டுச் சாலையிலேயே நடப்பதில் வியப்பில்லை. நடைபாதை ஒரே மட்டத்தில் தொடர, ஊர்திதான் ஏறி இறங்க வேண்டும். விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்றும், வணிகப் பகுதியில் நடைபாதையின் தடையற்ற அகலம் குறைந்தது 2.5 மீட்டர் இருத்தல் வேண்டும் என்றும் இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் கூறின.

கடை முன் ஊர்தி நிற்காவிடில் வாணிபம் குன்றும் என்று வணிகர் அஞ்சுவது இயல்பே. சென்னையில் பாண்டி பஜார் எனப்படும் தியாகராயர் சாலையில் ஊர்திகளை முற்றிலும் விலக்காமல், அவற்றுக்குரிய இடத்தைச் சுருக்கி நடைபாதையை அகலப்படுத்தினர். அவ்வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. பெருநகரத்து ஏற்பாட்டை மலையூரில் அப்படியே பின்பற்ற இயலாது. மறையூர் போன்ற ஊரில் சரக்கு இறக்க நேர வரையறையும், ஜீப்புகளுக்குச் சந்திப்பிலிருந்து சற்று விலகிய நிறுத்தமுமே முதற்படியாகலாம்.

சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 138 (1ஏ) பிரிவு, பாதசாரிகள் மற்றும் மோட்டார் பொருத்தப்படாத வண்டிகள் தொடர்பான விதிகளை வகுக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளிக்கிறது. கோயம்புத்தூர் மருத்துவர் ஒருவர் 2012-இல் தொடுத்த வழக்கில், அவ்விதிகளை ஆறு மாதங்களுக்குள் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் பணித்தது. விதி வந்த பின்னரும், சாலை ஓர் அலுவலகத்தின் பொறுப்பிலும் கட்டட அனுமதி பஞ்சாயத்தின் பொறுப்பிலும் இருக்கும். புதிய கடைக்கு வரைபடம் ஒப்புதலாகும் அன்றே அதன் வாயில் எங்கே, எத்தனை அகலத்தில் அமையும் என்பதை இரு அலுவலகங்களும் சேர்ந்து முடிவு செய்தல் வேண்டும். கட்டி முடித்த வாயிலைப் பின்னர் அடைப்பது எளிதன்று.