மூளையில் நீர்த் தேக்கம்: காலத்தே அறிதலும் காத்தலும்

குழந்தையின் எடையை மாதந்தோறும் நிறுத்துக் குறித்துவைக்கும் வழக்கம் நம் நாட்டில் அங்கன்வாடிகளின் வாயிலாகச் சிற்றூர்கள்வரை பரவியுள்ளது. ஆனால் தலையின் சுற்றளவை அளந்து குறிக்கும் வழக்கம் பெரும்பாலும் மருத்துவமனைகளோடு நின்றுவிடுகிறது. இந்தச் சிறு குறையின் விளைவு சிறியதன்று. மூளையில் நீர் தேங்கும் நோயை அதன் தொடக்கத்திலேயே காட்டிக்கொடுக்கக்கூடிய எளிய கருவி ஓர் அளவுநாடாதான். மருத்துவமனைக்குத் தொலைவில் வாழும் மலைப்பகுதி மக்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம்.

நோயின் தன்மை

மூளையின் உட்புறத்தில் ஒன்றோடொன்று இணைந்த நான்கு அறைகள் உள்ளன. இவற்றில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாது சுரக்கிறது. இதனை மூளைத் தண்டுவட நீர் என்பர். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் நீர் சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் மட்டுமே. அதாவது, இந்நீர் நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்கப்படுகிறது. அறைகளிலிருந்து குறுகிய வழிகளின் மூலம் வெளியேறி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்தபின் இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

அணைக்கட்டுகள் மிகுந்த இடுக்கியிலும் பாலக்காட்டிலும் வாழ்வோர்க்கு இதனை விளக்குவது எளிது. நீர்வரத்து நிற்காதபோது மதகு அடைபட்டால் நீர்மட்டம் உயர்வதைத் தவிர வேறு வழியில்லை. மூளையிலும் வெளியேறும் பாதை அடைபட்டாலோ, நீர் உறிஞ்சப்படுவது குறைந்தாலோ அறைகள் விரிந்து, சுற்றியுள்ள மூளைத் திசுக்களை நெருக்குகின்றன. இதுவே ஆங்கில மருத்துவத்தில் ஹைட்ரோசெபாலஸ் எனப்படும் நோயாகும்.

கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றுசேராதவை. ஆகையால் அழுத்தம் மிகும்போது தலை பெரிதாகிறது, உச்சிக்குழி புடைக்கிறது, கண்கள் கீழ்நோக்கிச் சாய்ந்து விழிவெண்மை மேலே தெரிகிறது. குழந்தை பால் குடிக்க மறுத்து வாந்தியும் எடுக்கும். வளர்ந்த குழந்தைகளுக்கும் பெரியோர்க்கும் மண்டையோடு விரிந்துகொடுக்காது. எனவே அவர்களிடம் தலைவலி, காலை நேர வாந்தி, பார்வைக் குறைவு ஆகியவை தோன்றுகின்றன. முதியோரிடம் நடை தடுமாற்றம், மறதி, சிறுநீரை அடக்க இயலாமை ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்படின், அவை முதுமையின் விளைவுகள் என்று ஒதுக்கிவிடலாகாது. இவ்வகை நீர்த்தேக்கம் 1965ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகிற்கு விளக்கப்பட்டது. தக்கவர்களைத் தேர்ந்து சிகிச்சை அளித்தால் பலர் நலம் பெறுகின்றனர்.

காரணங்கள்

நீர்ப்பாதை பிறவியிலேயே குறுகியிருத்தல், தண்டுவடம் கருவில் சரிவர மூடாமை, குறைமாதக் குழந்தைகளின் மூளையறைகளில் ஏற்படும் இரத்தக் கசிவு, காசநோய்க் கிருமி முதலியவற்றால் உண்டாகும் மூளை உறைக் காய்ச்சல், கட்டிகள் ஆகியன முக்கிய காரணங்கள். இவற்றுள் சில தவிர்க்க இயலாதவை. ஆனால் குறைப்பிரசவம், தாயின் ஊட்டக் குறைவு, தொற்றுநோய் ஆகிய மூன்றும் மக்களின் வாழ்நிலையோடு பிணைந்தவை. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில், இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழும் ஊர்களில் 2013ஆம் ஆண்டில் நிகழ்ந்த சிசு மரணங்கள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன. தாய்மாரின் இரத்தசோகை, குறைந்த பிறப்பு எடை, குறைமாதப் பிறப்பு ஆகியவை அப்போது பெரிதும் பேசப்பட்டன. குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தை நீர்த்தேக்க நோய்க்கும் ஆளாகக்கூடும் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

அனுபவம் கற்பிக்காத நோய்

இந்நோய் ஆயிரம் பிறப்புகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு நேர்கிறது எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. ஓர் அங்கன்வாடியின் எல்லைக்குள் ஆண்டுக்குப் பத்துக் குழந்தைகள் பிறப்பதாகக் கொள்வோம். அவ்வாறாயின் அந்த அங்கன்வாடி நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறையே இத்தகைய குழந்தையைச் சந்திக்கும். எத்துணை ஆர்வமுள்ள பணியாளராயினும், தம் பணிக்காலம் முழுவதும் ஒரு நோயாளியையும் காணாமலே ஓய்வு பெறக்கூடும். வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் அனுபவத்தால் அறிவது போல் இந்நோயை அறிய இயலாது. கண்ணுக்குத் தெரியும் அளவு தலை பெருத்தபின் அறிவதோ காலம் கடந்த அறிவாகும். ஆகவே அனுபவத்தின் இடத்தை அளவை நிரப்ப வேண்டும்.

நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு பிறக்கும்போது பொதுவாக 33 முதல் 35 சென்டிமீட்டர் வரை இருக்கும். முதல் மூன்று மாதங்களில் மாதத்திற்குச் சுமார் 2 சென்டிமீட்டரும், அடுத்த மூன்று மாதங்களில் மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டரும், அதன்பின் ஓராண்டு நிறையும்வரை மாதத்திற்கு அரை சென்டிமீட்டரும் வளரும். ஒருமுறை அளப்பது போதாது. சில குடும்பங்களில் இயல்பாகவே தலை பெரிதாக இருக்கும். வளர்ச்சியின் வேகமே நோயை உணர்த்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட தலைச் சுற்றளவு வரைபடம் இதற்கு உதவும். ஐயம் ஏற்படின், உச்சிக்குழி மூடாத குழந்தைக்கு அதன் வழியாகவே ஸ்கேன் செய்து, கதிர்வீச்சு இன்றி மூளையறைகளைக் காணலாம்.

சிகிச்சையும் அதன் தொடர்ச்சியும்

1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்னும் தொழில்நுட்பர், நோயுற்ற தம் மகனுக்காக ஒருவழி வால்வு ஒன்றை வடிவமைத்தார். அதுவே இன்றைய ஷண்ட் சிகிச்சைக்கு அடிகோலியது. ஷண்ட் என்பது மூளையறையிலிருந்து தோலுக்கு அடியில் வயிற்றறை வரை செல்லும் மெல்லிய வடிகுழாய். தகுந்த நோயாளிகளுக்கு உள்நோக்கியின் துணையால் மூன்றாம் அறையின் அடியில் துளையிட்டு நீருக்கு மாற்றுவழி அமைப்பதும் உண்டு.

நம் நாடு இத்துறையில் பின்தங்கியதன்று. கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி இப்பணியை ஏற்றார். லக்னோவின் டாக்டர் டி. கே. சாப்ரா வடிவமைத்த மலிவான இந்திய ஷண்ட், உகாண்டா நாட்டில் 195 குழந்தைகளிடம், பன்மடங்கு விலையுள்ள அயல்நாட்டு ஷண்டுடன் ஒப்பிட்டு ஆராயப்பட்டது. ஓராண்டு முடிவில் இரண்டின் பயனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 2005இல் வெளியான அந்த ஆய்வு தெரிவித்தது.

எனினும் அறுவையோடு பணி முடிவதில்லை. குழந்தைகளுக்குப் பொருத்தப்படும் ஷண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை முதல் ஆண்டிலேயே அடைபடவோ தொற்றுக்கு உள்ளாகவோ கூடும். அப்போது மீண்டும் வாந்தியும் மயக்கமும் தோன்றும். அதனைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி இரண்டு நாள் காத்திருப்பது உயிருக்கே கேடாக முடியலாம்.

எல்லைப் பகுதிகளின் நிலை

இங்குதான் இடத்தின் இயல்பு குறுக்கிடுகிறது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலைப் பகுதிகளின் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்களுக்கு ஒரு வழி கோட்டயத்திற்கும், மற்றொரு வழி போடிமெட்டு அல்லது குமுளி கடந்து தேனிக்கும் மதுரைக்கும் செல்கிறது. அட்டப்பாடி மக்கள் கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் மண்ணார்க்காடு இறங்குவர். அல்லது ஆனைகட்டி வழியே கோயம்புத்தூர் செல்வர். உறவும் மொழியும் சாலையும் ஒருபுறம் இழுக்க, குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் மறுபுறம் நிற்கின்றன. ஒரு மாநிலத்தில் அறுவை செய்துகொண்ட குழந்தை மறு மாநிலத்தில் வளர்வது இயல்பே. அக்குழந்தையின் தலையில் ஷண்ட் உள்ளது என்னும் செய்தி அதன் ஊர் சுகாதார நிலையத்திற்குச் சென்று சேராவிடில், ஆபத்து நேரத்தில் அறியாமையே முதல் தடையாகிவிடும்.

வருமுன் காத்தல்

தண்டுவடம் மூடாமையால் வரும் நோயைப் பெருமளவு தடுக்கலாம். முன்னர் இத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார், கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் மீண்டும் அவ்வாறு நேர்வது 72 விழுக்காடு குறைகிறது என 1991இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நிறுவியது. ஆனால் காலக் கணக்கு இங்கே கடுமையானது. கருவின் நரம்புக்குழல் கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போது உறுதியாகத் தெரியாது. கர்ப்பப் பதிவுக்குப் பின் தரப்படும் மாத்திரை இரத்தசோகைக்குப் பயன்படும். இந்தக் குறையைத் தடுக்க அது காலம் தாழ்ந்தது.

2021இல் பொது விநியோகத்திற்கென அறிவிக்கப்பட்ட செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்க்குமாறு தரம் வகுக்கப்பட்டது. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்டால் 30 முதல் 50 மைக்ரோகிராமே கிடைக்கும். கருத்தரிக்க விரும்பும் பெண்ணுக்குப் பரிந்துரைக்கப்படுவதோ நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். ஆகவே அரிசியை மட்டும் நம்பியிராமல், திருமணப் பதிவு, புதுமணத் தம்பதியர் சந்திப்பு ஆகிய வாய்ப்புகளின் மூலம் மாத்திரையை முன்கூட்டியே கொண்டுசேர்க்க வேண்டும். மூளை உறைக் காய்ச்சலின் ஒரு வகையைத் தடுக்கும் ஐந்துநோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதன்முதலாகக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும்தான் தொடங்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

செய்ய வேண்டுவன

இதற்கெனப் புதிய துறையோ பெருஞ்செலவோ தேவையில்லை. 6, 10, 14ஆம் வாரங்களில் குழந்தை தடுப்பூசிக்கு வருகிறது. தலை மிக விரைவாக வளரும் காலமும் அதுவே. ஊசி போடுமுன் தலையை அளந்து, தாய் சேய் நல அட்டையில் எழுதலாம். 3ஆம் மாதம் முதல் 15ஆம் மாதம் வரை வீடு தேடிவரும் ஆஷா பணியாளரும் இதைச் செய்யலாம். தோட்டங்களின் குழந்தைக் காப்பகங்களும் இதற்கு ஏற்ற இடங்களே. அளவு விரைந்து கூடினால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்பது முன்னரே வரையறுக்கப்பட வேண்டும். ஷண்ட் பொருத்திய குழந்தைக்குத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய அடையாள அட்டை ஒன்று தரப்பட வேண்டும். பிறவி இதய நோயுள்ள குழந்தைகளைப் பதிவு செய்து சிகிச்சைக்கு அனுப்பும் ‘ஹிருதயம்’ திட்டத்தைக் கேரள அரசு 2017இல் தொடங்கியது. அத்தகைய பதிவு முறை இந்நோய்க்கும் பொருந்தும்.

அறுவை மருத்துவரின் திறமை நகரத்தில் இருக்கிறது. நோயோ மலைமேல் தொடங்குகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை நிர்வாகமே கடக்க வேண்டும். இழந்த வாரங்களில் நெருக்குண்ட மூளையை எந்த அறுவையும் முழுமையாக மீட்டுத் தராது. அளவுநாடாவைக் கையில் எடுக்கும் பணியாளருக்கு ஒரு மாத வித்தியாசத்தைக் காணப் பயிற்சி அளித்தால், அந்த ஒரு மாதம் ஒரு குழந்தையின் பார்வையாகவும் அறிவாகவும் அமையும்.