பிடித்ததையும் மறுக்கும் பிள்ளை

கடற்கரைக்குப் போகலாம் என்று காலையிலிருந்து நச்சரித்தது அவன்தான். அப்பா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "சரி, செருப்பைப் போட்டுக்கோ" என்கிறார். உடனே கால் வலிக்கிறது என்கிறான். நான் இன்றைக்கு ஆமை, ஆமை செருப்புப் போடாது என்கிறான். இன்னொரு தடவை சொன்னதும் தரையில் விழுந்து அலறுகிறான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று பக்கத்து வீட்டுத் தீர்ப்பும் வந்துவிடுகிறது.

பிடிக்காத வேலைக்கு அடம் பிடிப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கம். தானே ஆசைப்பட்ட ஒன்றைக்கூட, செய்யச் சொல்லிவிட்டார்கள் என்பதாலேயே செய்ய முடியாமல் போவது வேறு விஷயம். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலரிடம் இந்த மறுப்பு அன்றாட வாழ்க்கையையே முடக்கிப் போடுகிறது. பல் துலக்குவது, சாப்பிட உட்காருவது, சீருடை மாட்டுவது என எல்லாமே போராட்டம். பசியும் சிறுநீர் முட்டுவதும்கூடச் சிலருக்கு உடம்பு போடும் உத்தரவாகப் படுகிறது, அதையும் தள்ளிப்போடுகிறார்கள்.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் வளர்ச்சி உளவியல் பேராசிரியராக இருந்த எலிசபெத் நியூசன் 1980களில் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தனியாகக் கவனித்து எழுதத் தொடங்கினார். அவரிடம் அனுப்பப்பட்ட இவர்கள் ஆட்டிசத்தை நினைவூட்டினார்கள், ஆனால் அன்றைய பாடப்புத்தகச் சித்திரத்துக்குள் அடங்கவில்லை. பேச்சு சரளமாக இருந்தது. கற்பனை விளையாட்டில் மூழ்கிப்போனார்கள். எதிராளி யார் என்று பார்த்து அவருக்கேற்ற சாக்குச் சொன்னார்கள். ஆட்டிசம் ஆண்பிள்ளைகளிடமே அதிகம் என்று கருதப்பட்ட காலத்தில், இவர்களில் பெண்பிள்ளைகளும் ஏறக்குறையச் சரிபாதி இருந்தார்கள். 'பேத்தலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ்' (நோய் என்னும் அளவுக்குக் கட்டளைகளைத் தவிர்ப்பது), சுருக்கமாக பி.டி.ஏ., என்று நியூசன் இதற்குப் பெயரிட்டார். 2003இல் சக ஆய்வாளர்களுடன் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது.

மறுப்புக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பதற்றம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலையைத் தாங்க முடியாமை இதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. பிறர் சொல்வதைச் செய்யும்போது நிலைமை அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. இந்தக் குழந்தைக்கு அது ஆபத்து வந்ததற்குச் சமம். இதயத் துடிப்பு ஏறுகிறது, உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது. அந்த நேரத்தில் யோசிக்கும் திறன் சுருங்கிவிடும். "மூணு எண்றதுக்குள்ள..." என்று மிரட்டினால் ஆபத்து கூடுகிறதே தவிர, குழந்தை வழிக்கு வருவதில்லை.

பரிசும் பல நேரம் இங்கே பலிப்பதில்லை. பத்து நட்சத்திரம் வாங்கினால் சைக்கிள் என்பது, பத்து நாள் நீளும் புதுக் கட்டளை. பாராட்டுக்கும் இதே கதி நேர்வதுண்டு. "இன்னைக்குச் சமத்தா குளிச்சியே!" என்பதில், நாளைக்கும் இப்படிக் குளிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. குழந்தை அதை மோப்பம் பிடித்துவிடும்.

அதனால் முதலில் மாற வேண்டியவர்கள் பெரியவர்கள்தான். நம் வீடுகளில் அன்பே ஏவலாகத்தான் வரும். சாப்பிடு, தண்ணி குடி, தாத்தாவுக்கு வணக்கம் சொல்லு, ஆன்ட்டிக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு. கூட்டுக் குடும்பமென்றால் ஒரே குழந்தைக்கு நாலைந்து பேர் மாறி மாறிச் சொல்வார்கள். ஒருநாள் காலை, பிள்ளை எழுந்தது முதல் வாசல் தாண்டும் வரை எத்தனை உத்தரவு போகிறது என்று எண்ணிப் பார்த்தால் திகைத்துப் போவீர்கள். அவற்றில் எத்தனை நிஜமாகவே தேவை? சாலையைக் கடக்கும்போது கையைப் பிடிப்பதிலும் மாத்திரையிலும் விட்டுக்கொடுக்க முடியாது. தலை சீவாமல் போனால் என்ன? கடற்கரைக்குச் செருப்பைக் காலில்தான் போட வேண்டுமா, பையில் எடுத்துப் போகக் கூடாதா?

தேவையானவற்றையும் கேட்கும் விதம் இருக்கிறது. "செருப்பைப் போடு" என்பதற்குப் பதில், "மணல் சுடுமோ என்னமோ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். முடிவு பிள்ளையின் கையில் இருக்கும். "குளிச்சிட்டுச் சாப்பிடறியா, சாப்பிட்டுக் குளிக்கறியா?" என்று கேட்கலாம். பொம்மை நாய்க்குப் பல் விளக்கத் தெரியவில்லை, யார் சொல்லிக் கொடுப்பது என்று புலம்பலாம். நேற்று பலித்த உத்தி இன்று பலிக்கும் என்ற உறுதியில்லை. இவர்கள் தந்திரத்தைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். நேற்று செய்த வேலையையே இன்று செய்ய முடியாமலும் போகலாம். தூக்கம், சத்தம், பள்ளியில் நடந்தது எல்லாம் சேர்ந்துதான் அன்றைய தாங்குதிறனைத் தீர்மானிக்கின்றன. "இங்கே நல்லாத்தானே இருக்கான்" என்று ஆசிரியர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் அடக்கி வைத்ததை வீட்டில் கொட்டும் பிள்ளைகள் நிறைய.

வெடித்துவிட்டால், அப்போது பேச்சைக் குறைப்பதே நல்லது. அடிபடாமல் பார்த்துக்கொண்டு, தள்ளி நின்று, காத்திருக்க வேண்டும். புத்திமதியை அன்றைக்கே தொடங்கினால் அதுவும் ஒரு கட்டளையாகிவிடும்.

இதையெல்லாம் முடிந்த அறிவியலாக விற்பவர்களிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலோ உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலோ பி.டி.ஏ. தனி நோயறிதலாக இல்லை. மேலே சொன்ன உத்திகள் பெரும்பாலும் பெற்றோர், ஆசிரியர்களின் அனுபவத்தில் விளைந்தவை. கட்டுப்பாட்டுச் சோதனைகளில் தேறி வந்தவை அல்ல. தாமும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2013இல் இந்தப் பெயரையே கேள்விக்கு உட்படுத்தினார். தன் விருப்பத்தை நிலைநாட்டுவதை நோய் என்று அழைக்க நாம் யார் என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. பற்பசையின் காரம், சீருடைக் காலரின் உறுத்தல், சொத்தைப் பல், பள்ளியில் கேலி இவற்றை முதலில் பார்க்காமல் பெயர் ஒட்டுவது சோம்பேறித்தனம்.

வளர்ந்த பிறகும் இந்த மறுப்பு தொடருமா? ஃபாரோ தீவுகளில் 15 முதல் 24 வயது வரையிலான ஆட்டிசம் உள்ளவர்களின் பெற்றோரிடம் விசாரித்து, ஆய்வாளர் கிறிஸ்டோபர் கில்பர்க் குழுவினர் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிறுவயதில் பி.டி.ஏ. அடையாளங்கள் இருந்திருக்கின்றன; மொத்தம் ஒன்பது பேர். ஆய்வு நடந்த சமயத்தில் அந்த ஒன்பது பேரில் ஒருவரிடம்தான் அவை முழுமையாக எஞ்சியிருந்தன. வயது ஏற ஏறச் சமாளிக்கப் பழகியிருக்கலாம். அவர்களை ஏவும் ஆட்கள் குறைந்துபோயும் இருக்கலாம்.