அணு ஆய்வுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?

உயர்தரப் பௌதிகவியலில் 'சடமும் கதிர்ப்பும்' என்ற அலகு வரும்போது பாடத்திட்டத்தை முடித்துவிடும் அவசரத்தில் எல்லோரும் இருப்போம். யுரேனியம் பிளவடைகிறது, சக்தி வெளிப்படுகிறது, சமன்பாட்டை எழுதுகிறோம், கடந்தகால வினாத்தாளுக்குப் போய்விடுகிறோம். அந்தச் சமன்பாட்டுக்குப் பின்னால் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன, அவற்றில் இரவு பகலாக நிற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் செலவழிக்கும் ஓர் அரசாங்கமும் இருக்கிறது. நான் எழுத விரும்புவது அந்தச் செலவைப் பற்றித்தான். இலங்கையில் அணுமின் நிலையமும் இல்லை, ஆய்வு உலையும் இல்லை. ஆகவே இந்த ஏற்பாடு பெரிய அளவில் நடக்கும் ஐக்கிய அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. மின்சாரம் விற்று இலாபம் பார்ப்பது கம்பனிகள் என்றால், ஆய்வுக்கும் அவையே பணம் போடலாமே? போடுகின்றன, ஆனால் ஓர் எல்லைக்குள்தான். ஒரு புதிய எரிபொருளைக் கண்டுபிடித்து, சோதித்து, அனுமதி பெற்று உலைக்குள் வைக்க இருபது வருடங்கள்கூட ஆகலாம். அவ்வளவு காலம் வருமானமின்றிக் காத்திருக்க எந்த வியாபாரிக்கும் மனம் வராது. அந்த இடைவெளியில் அரசாங்கம் கைகொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா அனுபவித்தே அறிந்துகொண்டது.

1979இல் திறீ மைல் ஐலண்ட் விபத்து, 1986இல் செர்னோபில். மக்களுக்குப் பயம். புதிய அணுமின் நிலையங்களுக்கு அங்கே கேள்வி இல்லாமற் போனது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த ஆய்வு நிதி, 1998ஆம் நிதியாண்டில் பூச்சியத்துக்கே வந்தது. அடுத்த வருடமே ஒரு சிறிய திட்டத்துடன் மீண்டும் ஆரம்பித்தார்கள். ஆனால் தண்ணீர்க் குழாயைப் பூட்டித் திறப்பதுபோல இதைச் செய்ய முடியாது. மாணவர் வராத துறைகள் மூடப்பட்டன, அல்லது வேறு துறைகளுடன் இணைக்கப்பட்டன. ஓய்வுபெற்ற பேராசிரியரின் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. ஆய்வு உலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

அவற்றில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உலை பற்றி வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த தம் மாணவர்களின் நினைவாகக் கல்லில் ஒரு தூண் எழுப்பாமல், அணுவை அமைதி வழியில் பயன்படுத்தும் ஆய்வுகளுக்காக 1948இல் ஒரு திட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் பயனாக 1957இல் இயங்கத் தொடங்கிய உலை 2003இல் நிறுத்தப்பட்டது. விபத்து எதுவும் நடக்கவில்லை. நடத்தும் செலவுதான் பாரமாகிவிட்டது. இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருபத்தைந்தளவில் உலைகள் இயங்குகின்றன. ஒரு காலத்தில் இதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தன. மிஞ்சியவற்றுக்கு அரசே எரிபொருள் கொடுத்து, பயன்படுத்தி முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்த உதவி இல்லாவிட்டால் அவற்றிலும் பல நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

2009இல் அமெரிக்கச் சக்தித் திணைக்களம், சிதறிக் கிடந்த உதவிகளைச் சேர்த்து 'அணுசக்திப் பல்கலைக்கழகத் திட்டம்' என்ற ஒன்றை ஆரம்பித்தது. அணுசக்தி ஆய்வுக்கான தன் நிதியில் 20 சதவீதம் வரை பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம் என்பது அதன் ஏற்பாடு. எந்தெந்த விடயங்களில் ஆய்வு தேவை என்று ஒவ்வொரு வருடமும் பட்டியல் வெளிவரும். பேராசிரியர்கள் சில பக்கங்களில் முன்விண்ணப்பம் அனுப்புவார்கள். தேறியவர்கள் முழு விண்ணப்பம் எழுத வேண்டும். ஆய்வு விஞ்ஞான ரீதியில் தரமானதா, திணைக்களத்தின் தேவைக்குப் பொருந்துகிறதா என்று இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். எனக்கு இந்த இரண்டாவது பரீட்சையில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தேவை என்னவென்று அரசே தீர்மானித்தால், அரசுக்குத் தோன்றாத கேள்வியை யார் கேட்பது? பட்டியலுக்கு வெளியே உள்ள யோசனைகளுக்கும் ஒரு சிறிய கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது ஆறுதல்.

கிடைக்கும் பணம் பொதுவாக மூன்று வருடங்களுக்கானது. அதில் பெரும் பங்கு இயந்திரங்களுக்குப் போகும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஆனால் பட்டப்பின் படிப்பு மாணவர்களின் கல்விக் கட்டணமும் மாதாந்தக் கொடுப்பனவும் இதிலிருந்துதான் வருகின்றன. கட்டடம், மின்சாரம், அலுவலகச் செலவு என்று பல்கலைக்கழகமும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் அந்த மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? இரசாயனவியல் படிப்பவர்களுக்குப் பிடிக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது.

2011 மார்ச் 11. சுனாமி என்றால் என்னவென்று எங்கள் பெற்றோருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானின் புக்குஷிமாவில் அலை வந்து மின்பிறப்பாக்கிகளை மூழ்கடிக்க, உலைகளுக்குக் குளிர்நீர் போகவில்லை. எரிபொருள் வில்லைகள் ஒரு மில்லிமீற்றரும் தடிப்பில்லாத சிர்க்கோனியக் கலப்புலோகக் குழாய்களுக்குள் அடுக்கப்பட்டிருக்கும். சாதாரண நாட்களில் அது நல்ல உலோகம், நியூத்திரன்களை அதிகம் உறிஞ்சாது. வெப்பநிலை ஆயிரம் பாகை செல்சியசைத் தாண்டிவிட்டால் கதை மாறும். கொதிநீராவியிலுள்ள ஒட்சிசனைச் சிர்க்கோனியம் பறித்துக்கொள்ள, ஐதரசன் வெளியேறும். அது புறவெப்பத் தாக்கம் என்பதால் சூடு மேலும் ஏறும், தாக்கமும் வேகமெடுக்கும். தொலைக்காட்சியில் உலகம் பார்த்த அந்த வெடிப்புகள் அணுகுண்டு வெடிப்புகள் அல்ல. இப்படிச் சேர்ந்த ஐதரசன் வெடித்தவைதான்.

அதற்குப் பின் விபத்தைத் தாங்கும் எரிபொருள் பற்றிய ஆய்வுக்கு அமெரிக்க காங்கிரஸ் பணம் ஒதுக்கியது. 2012இல் இலினோய், டெனசி பல்கலைக்கழகங்களின் தலைமையில் மாணவர்கள் இந்தக் குழாயை எதனால் போர்த்தினால் நீராவியின் தாக்குதல் குறையும் என்று தேடத் தொடங்கினார்கள். வேறு ஆய்வுகூடங்களிலும் கம்பனிகளிலும் இதே தேடல் நடந்தது. தலைமுடியை விட மெல்லிய குரோமியப் பூச்சு நல்ல பலனைக் காட்டியது. 2019இல் ஜோர்ஜியா மாநிலத்தின் வோக்டில் அணுமின் நிலையத்தில் குரோமியம் பூசிய கோல்கள் பரீட்சார்த்தமாக வைக்கப்பட்டன. விபத்து நடந்து எட்டு வருடம். அணுத்துறையில் இது வேகமான நடை.

அணுசக்தியே வேண்டாம், அந்தப் பணத்தைச் சூரிய சக்திக்குக் கொடுங்கள் என்று வாதாடுபவர்கள் அங்கும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உலைகளைப் பாதுகாப்பாக வைத்திருக்கவும், அவற்றின் கழிவைக் கையாளவும் படித்தவர்கள் வேண்டும். அணுமின்சாரத்தை நாளைக்கே கைவிட்டாலும் அந்த வேலை பல தலைமுறைக்கு நீளும்.

"இதையெல்லாம் படிக்க யார் காசு கொடுப்பது?" என்று என் வாப்பா கேட்டார். மற்றப் பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்வி என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன். மேலே சொன்ன திட்டத்தின் நேரடிப் புலமைப்பரிசில்கள் அமெரிக்கப் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. ஆனால் பேராசிரியர் வென்றெடுத்த ஆய்வு நிதியில் ஆய்வு உதவியாளராகச் சேரும் வழி, சில கட்டுப்பாடுகளுடன், வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு. ஆகவே அங்கு பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், எந்தப் பேராசிரியரிடம் நடப்பிலுள்ள ஆய்வு நிதி இருக்கிறது, அது எத்தனை வருடத்துக்கு என்று பார்த்து, அவருக்கே எழுதிக் கேட்க வேண்டும். அதற்கு முன் இங்கேயே தொடங்க விரும்பினால் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணு விஞ்ஞானத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது.