இறால் ஓடும் நார்க்கழிவும் குரோமியத்தைப் பிடிக்குமா?

மிளகாய்க்கும் தக்காளிக்கும் தெளிக்க, உரக்கடைகளில் பாட்டிலில் விற்கும் ‘கைட்டோசான்’ இப்போது பல விவசாயிகளுக்குப் பழக்கமான பெயர். இறால் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் இந்தப் பொருளுக்கு இன்னொரு குணமும் உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஈயம், தாமிரம், குரோமியம் போன்ற கன உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தென்னை நார்க்கழிவு, கடலைத் தோல், நெல் உமி ஆகியவற்றையும் கொஞ்சம் பக்குவப்படுத்தினால் இந்த வேலையைச் செய்யும். ஆய்வுக்கூடங்களில் 50 ஆண்டுகளாக நடந்துவரும் இந்த வேலை, இப்போது காணொளிகள் வழியாகக் கிராமங்களுக்கும் வந்துவிட்டது. ‘கிணற்றில் நார்க்கழிவு மூட்டையைக் கட்டி இறக்கினால் தோல் கழிவு போய்விடும்’ என்கிற அளவுக்குப் பேச்சு வளர்ந்திருக்கிறது.

பாலாற்றுக் கரையில் கிணறு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பொழுதுபோக்குச் செய்தி அல்ல. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடும் கழிவு விளைநிலத்துக்குள் புகுந்தது நீதிமன்ற ஆவணங்களிலேயே பதிவாகியிருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த முதல்கட்டக் கணக்கு சொல்லப்பட்டிருக்கிறது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம், ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்கிறது அந்தக் கணக்கு. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்பதும் அதே தீர்ப்பில் உள்ள விவரம். 2025 ஜனவரியில் பாலாறு வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீடு பற்றிப் பேச வேண்டியிருந்தது. பிரச்னை இன்னும் தீரவில்லை.

குரோமியத்துக்கு இரண்டு முகம்

தோலைப் பதப்படுத்தப் போடுவது குரோமியம் சல்பேட் உப்பு. வழக்கமான முறையில் போட்டதில் 60 முதல் 70 சதவிகிதத்தைத்தான் தோல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் கழிவுநீரில் போகும். இது ‘மூன்று இணைதிறன்’ குரோமியம். சாதாரண மண்ணில் இது அதிகம் நகராமல் படிந்துவிடும்.

இன்னொன்று ‘ஆறு இணைதிறன்’ குரோமியம். இதுதான் பொல்லாதது. தண்ணீரில் நன்றாகக் கரையும், மண்ணில் தங்காமல் நிலத்தடி நீரோடு ஓடும், அளவு கூடினால் தண்ணீரை மஞ்சளாக்கும். தோலில் பட்டால் புண்ணாகும், புகையாகவோ தூசியாகவோ மூச்சில் போனால் புற்றுநோய் வரும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் தொழிற்சாலையில் மலையாகக் குவிந்திருக்கும் கழிவிலிருந்து கசிவது இந்த வகைதான்.

இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாசன நீருக்கு உலக உணவு வேளாண்மை அமைப்பு சொல்லும் எல்லை 0.1 மில்லிகிராம்.

கொக்கி மாட்டும் வேலை

நார், உமி, ஓடு எல்லாமே இயற்கை உண்டாக்கிய நீண்ட சங்கிலிகள். வைக்கோலிலும் நாரிலும் இருப்பது செல்லுலோஸ், நார்க்கழிவில் அதோடு லிக்னினும் நிறைய. இறால், நண்டு ஓட்டில் இருப்பது கைட்டின். இந்தச் சங்கிலிகளில் உலோகத்தைப் பிடிக்கும் இடங்கள் இயல்பாகவே கொஞ்சம் உண்டு. ஆனால், பிடி தளர்வானது. அதில் வலுவான கொக்கிகளை மாட்டிவிடுவதைத்தான் ஆய்வாளர்கள் ‘மாற்றியமைத்தல்’ என்கிறார்கள்.

இறால் ஓட்டில் இது நடக்கும் விதம் சுவாரஸ்யமானது. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைப்பார்கள். பிறகு நீர்த்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கிப் புரதத்தை நீக்குவார்கள். மிஞ்சுவது கைட்டின். அதை 40, 50 சதவிகிதம் செறிவுள்ள காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்தால், சங்கிலியில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்ற பகுதி கழன்று, ‘அமைன்’ என்ற கொக்கி வெளியே தெரியும். அதுதான் கைட்டோசான். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான தொழில்நுட்பத்தை உருவாக்கித் தந்திருக்கிறது. இறால் பதப்படுத்தும் கூடங்களில் குப்பையாகப் போகும் தலையும் ஓடும் இப்படித்தான் விலைபோகும் சரக்காகின்றன.

கைட்டோசானில் ஒரு சிக்கல், அமில நீரில் அதுவே கரைந்துபோகும். உலோகக் கழிவுநீர் பெரும்பாலும் அமிலத்தன்மையோடுதான் இருக்கும். அதனால், கைட்டோசானை வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, சொட்டுச் சொட்டாகக் காஸ்டிக் சோடா கரைசலில் விட்டு, ஜவ்வரிசி மாதிரி மணிகளாக்குவார்கள். பிறகு, குளூட்டரால்டிஹைடு போன்ற பொருளால் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு விழுந்தால் மணி கரையாது. ஆனால் முடிச்சு, கொக்கிகளில் சிலவற்றைத் தின்றுவிடும். அதனால் பிடிக்கும் அளவு குறையலாம்.

செல்லுலோஸுக்கு இன்னும் எளிய வழி உண்டு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் 1990-களின் கடைசியில் சோயா தோலையும் கடலைத் தோலையும் எடுத்து, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, 120 டிகிரி சூட்டில் சுமார் ஒன்றரை மணி நேரம் வைத்தார்கள். எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம்தான். சூட்டில் அது நாரோடு ஒட்டிக்கொண்டு, ‘கார்பாக்சில்’ என்ற கொக்கியைக் கொடுக்கிறது. சாதாரணத் தோலைவிட இது பல மடங்கு தாமிரத்தைப் பிடித்தது.

இங்கேதான் காணொளிகள் சொல்லாமல் விடும் விஷயம் வருகிறது. எல்லாக் கொக்கியும் எல்லா உலோகத்தையும் பிடிக்காது. ஈயம், தாமிரம், காட்மியம் ஆகியவை தண்ணீரில் நேர்மின் ஏற்றத்தோடு இருக்கும். எதிர்மின் ஏற்றமுள்ள கார்பாக்சில் கொக்கி அவற்றை இழுத்துக்கொள்ளும். ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் குரோமேட்டாக, எதிர்மின் ஏற்றத்தோடு இருக்கிறது. சிட்ரிக் அமிலம் ஏற்றிய கடலைத் தோல் அதை விலக்கித் தள்ளும். அதற்கு அமைன் கொக்கி வேண்டும். கேரளப் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வாளர்கள் 2004-ல் தென்னை நார்க்கழிவில் அமைன் கொக்கி மாட்டிக் குரோமேட்டைப் பிடித்துக் காட்டினார்கள். நார்க்கழிவு அதுவேதான், மாட்டிய கொக்கிதான் வேறு.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

கிணற்று நீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குரோமியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது, பாசன எல்லையைப்போல ஐந்து மடங்கு. ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் பாய்ச்சினால், சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் இருக்கும் குரோமியம் 100 கிராம். ஒரு கிராம் மணி 20 மில்லிகிராம் பிடிக்கும் என்று கொண்டால், ஒரு தடவை பாய்ச்சவே 5 கிலோ மணி வேண்டும். நெல்லுக்கு 20 தடவை பாய்ச்சினால் 100 கிலோ. கட்டுப்படியாகாது.

அந்த 20 மில்லிகிராமும் கிணற்று நீரில் கிடைக்காது. அமைன் கொக்கி குரோமேட்டை நன்றாகப் பிடிப்பது கார அமில நிலை 3, 4 என்ற அமில நீரில். நம் கிணறுகளில் அது பெரும்பாலும் ஏழுக்கு மேல். போதாக்குறைக்கு, பாலாற்றுப் பக்கக் கிணறுகளில் குளோரைடும் சல்பேட்டும் குரோமேட்டைவிடப் பல நூறு மடங்கு இருக்கும். அவையும் அதே கொக்கிக்குப் போட்டி போடும். சுத்தமான நீரில் குரோமியத்தை மட்டும் கலந்து ஆய்வுக்கூடத்தில் எடுத்த எண்ணை, வயலுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது.

பாலாற்று விவசாயிகளைப் பெரிதும் வாட்டுவது குரோமியத்தைவிட உப்பு. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்புதான் கிணறுகளை உவராக்கி, மண்ணை இறுக்கி, விளைச்சலைக் குறைத்தது. கைட்டோசானோ நார்க்கழிவோ உப்பைத் தொடக்கூடத் தொடாது. கன உலோகம் முழுக்கப் போனாலும், மின்கடத்தும் திறன் 3-க்கு மேல் இருக்கும் நீர், பெரும்பாலான பயிர்களுக்கு உதவாத நீர்தான்.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியால் யாருக்குப் பயன்? தொழிற்சாலைக்கு. கழிவு வெளியேறும் குழாயிலேயே, தண்ணீர் அளவு குறைவாகவும் உலோகம் செறிவாகவும் இருக்கும். பதனிட்டு முடித்த குரோம் கரைசலில் லிட்டருக்கு 1,500 மில்லிகிராமுக்கு மேல்கூடக் குரோமியம் உண்டு. அதை மக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து மீட்டெடுக்கும் முறை சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. அந்தப் படிவுக்குப் பிறகும் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத்தைத் துடைத்தெடுக்கத்தான் கொக்கி மாட்டிய நாரும் மணியும் ஏற்றவை. கழிவை உண்டாக்கியவர் செலவில், அவர் வளாகத்துக்குள் நடக்க வேண்டிய வேலை இது. விவசாயி தன் கிணற்றடியில், தன் காசில் செய்ய வேண்டியது இல்லை.

பிடித்த குரோமியம் எங்கே போகும்?

கொக்கி நிறைந்த பிறகு குரோமியம் மறைந்துவிடுவதில்லை. நாரிலேயே உட்கார்ந்திருக்கும். தொழிற்சாலைகளில் குரோமேட் பிடித்த மணியை நீர்த்த காஸ்டிக் சோடாவாலும், ஈயம் தாமிரம் பிடித்ததை நீர்த்த அமிலத்தாலும் கழுவி, சில சுற்று மறுபடி பயன்படுத்துவார்கள். கடைசியில் அது அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவு மேலாண்மைக் கிடங்குக்குத்தான் போக வேண்டும்.

வீட்டில் நார்க்கழிவு வடிகட்டி வைப்பவர்கள் அதை எங்கே கொட்டுவார்கள்? பழக்கத்தில் குப்பைமேட்டுக்கோ, தென்னை மரத்தடிக்கோ, கம்போஸ்ட் தொட்டிக்கோ போகும். அப்படிச் செய்தால், தண்ணீரில் பரவலாக இருந்த விஷத்தைத் திரட்டி ஒரே இடத்தில் மண்ணுக்குக் கொடுத்ததாகிவிடும். எரிப்பது அதைவிட மோசம். எரியும்போது, தீங்கு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம்கூடச் சாம்பலில் ஆறு இணைதிறனாக மாற வாய்ப்புண்டு. அந்தச் சாம்பலைப் பாத்திரம் விளக்கவோ வயலுக்கோ எடுக்கவே கூடாது. தோல் தொழிற்சாலைக் கழிவுத் துண்டுகளை அடுப்பெரிக்க வாங்கும் வழக்கம் உள்ள ஊர்களுக்கும் இது பொருந்தும்.

விவசாயி கையில் உள்ள ஒரு வழி மண்ணில் இருக்கிறது. நன்கு மக்கிய தொழுவுரமும் கம்போஸ்டும் மண்ணில் சேரும்போது, அவற்றில் உள்ள கரிமப் பொருள் ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்று இணைதிறனாக மாற்றிப் படிய வைக்கிறது. மட்கு அமிலங்களில் கார்பாக்சில் கொக்கிகள் இயற்கையாகவே ஏராளம். ஆய்வகத்தில் சிட்ரிக் அமிலம் போட்டு மாட்டுவதை, மக்குதல் தானாகவே செய்துவிடுகிறது. குரோமியம் மண்ணைவிட்டுப் போகாது, ஆனால் வேருக்கும் நிலத்தடி நீருக்கும் போவது குறையும். உப்புக்கு இது மருந்தல்ல.

வாசகர்கள் கேட்பவை

தேற்றாங்கொட்டை உரைத்துவிட்டால் உலோகம் போய்விடுமா?

தேற்றாங்கொட்டையும் முருங்கை விதையும் கலங்கல் நீரைத் தெளியவைக்கும். மண்துகளோடு ஒட்டிய உலோகம் கொஞ்சம் அடியில் படியலாம். கரைந்திருக்கும் குரோமியத்தை இவற்றை நம்பி விட முடியாது. கண்ணாடி போலத் தெளிந்த நீரிலும் எல்லையைத் தாண்டிய குரோமியம் இருக்கலாம். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்றினால் செறிவு கூடத்தான் செய்யும்.

இந்த நீரில் விளைந்ததைச் சாப்பிடலாமா?

குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், தானியத்துக்கும் காய்க்கும் குறைவாகவே ஏறும். கீரையும் கிழங்கும்தான் கவனிக்க வேண்டியவை. காட்மியம் அப்படி அல்ல, நெல்மணிக்கும் கீரைக்கும் எளிதாகப் போய்விடும். எனவே சாயம், முலாம் பூசும் பட்டறை, பேட்டரி உடைக்கும் இடம் ஆகியவற்றை ஒட்டிய நிலம் என்றால், குரோமியத்தோடு காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் சேர்த்துச் சோதிப்பது அவசியம்.

எங்கே, எப்படிச் சோதிப்பது?

மண் பரிசோதனை நிலையங்களில் வழக்கமாகப் பார்ப்பது கார அமில நிலையும் உப்பின் அளவும்தான். கன உலோகத்துக்குத் தனிக் கருவி வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ, கன உலோகம் பார்ப்பார்களா, கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, குழாயில் வரும் நீரைப் பிடிக்க வேண்டும். உலோகப் பாத்திரம் வேண்டாம். புதிய பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, நிரப்பி, கிணற்றின் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டலாம். ‘மொத்தக் குரோமியம்’, ‘ஆறு இணைதிறன் குரோமியம்’ இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதித் தர வேண்டும். இரண்டாவதற்கு எடுத்த நீரை, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை எடுத்த அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருந்தால், இழப்பீடு கேட்டு மனு கொடுக்கும்போது இணைக்கலாம்.